பழைய பெற்றோல் லொறியில் மின்பழுது தேடும் ஒழுங்கு
(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



விளைந்த பொருள் சந்தைக்குப் போய் விலைப்படும் வரையில் கமக்காரனுடைய கவலை தீர்வதில்லை. பூச்சியிலிருந்தும் மழையிலிருந்தும் காத்தெடுத்த தக்காளியும் கத்தரியும் வீதியோரத்தில் நின்றுபோன ஒரு லொறியிலே ஓரிரவு கிடக்குமாயின், அத்தனை மாத உழைப்பும் அரைவிலைக்கும் போவதில்லை. ஆகவே பயிரைப் பற்றியும் பசளையைப் பற்றியும் பேசிவந்த நாம், இன்று விளைவைச் சுமந்து செல்லும் வண்டியைப் பற்றிச் சிறிது பேசுவோம். பெற்றோலில் ஓடும் பழைய லொறிகளில் உண்டாகும் மின்பழுதுகளை எவ்வாறு ஒழுங்காகத் தேடிக் கண்டுபிடிப்பது என்பதே இன்றைய விடயமாகும்.

இங்கிலாந்திலிருந்து முற்காலத்தில் வந்த பெட்போர்ட், ஒஸ்ரின், மொறிஸ் முதலிய வண்டிகள் இன்றும் சிலரிடம் உள்ளன. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இக்காலத்தில் புதிய வண்டி வாங்குதல் சிறு கமக்காரருக்கு எளிதன்று என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கையிலிருக்கும் பழைய வண்டியைப் பேணுவதே பலருக்கும் உள்ள வழி. இவற்றுட் பல பிற்காலத்தில் டீசல் இயந்திரத்துக்கு மாற்றப்பட்டன. டீசல் இயந்திரத்திற்குத் தீப்பொறி வேண்டியதில்லை; ஆதலின் அத்தகைய லொறி வைத்திருப்போருக்கு இப்பேச்சிற் பற்றரி, மண்தொடுப்பு, டைனமோ ஆகியவற்றைப் பற்றிய பகுதிகளே பயன்படும்.

1990 ஆம் ஆண்டின் பின்னர்ப் போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் கிடையாதிருந்தபொழுது, சில துளி பெற்றோலால் இயக்கிச் சூடாக்கியபின் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட பழைய கார்களையும் வான்களையும் உங்களுள் மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். புதிய உதிரிப்பாகங்கள் எளிதில் வராத அந்நாட்களில் அவ்வண்டிகளை ஓடச் செய்தது பணமன்று. பழுது எங்கேயுள்ளது என்பதைத் தாமே தேடியறியும் பழக்கமே. அப்பழக்கத்தை நாம் கைவிடலாகாது.

கத்தரிக்காய் ஏற்றிய லொறி

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் மூன்று கமக்காரர் சேர்ந்து ஒரு பழைய லொறியிற் கத்தரிக்காய் ஏற்றிப் புறப்பட்டனர். வழியிலே தேநீர் அருந்துவதற்காக இயந்திரத்தை நிறுத்தினர். மீண்டும் அது இயங்கவில்லை. ஸ்ராட்டர் மெதுவாக முனகிற்று, தீப்பொறி பிறக்கவில்லை. கூடிநின்றவர்களில் ஒருவர் பற்றரியே பழுதென்றார். இரவலாக ஒரு பற்றரி வந்தது. மற்றொருவர் கொயிலே பழுதென்றார், கொயில் வாங்கப்பட்டது. பின்னர்ப் பிளக்குகளும் கொண்டென்சரும் மாற்றப்பட்டன. அன்றைய பகலும் இரவும் கழிந்தன. மறுநாட் காலையில் அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், ஸ்ராட்டரை அழுத்தும்போது சோக்குக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அது சுட்டது. உடனே அவர் வண்டியின் கீழே நுழைந்து, இயந்திரத்தையும் சட்டத்தையும் இணைக்கும் செப்புப் பின்னலைக் கழற்றினார். அதன் ஒரு நுனி துருவின்மேலும் வண்ணப்பூச்சின்மேலும் முடுக்கப்பட்டிருந்தது. சுரண்டித் துப்புரவாக்கி மீண்டும் இறுக்குவதற்குப் பத்து நிமிடமே சென்றது. இயந்திரம் முதல் அழுத்தலிலேயே இயங்கிற்று.

கம்பி ஏன் சுட்டது? ஸ்ராட்டர் இழுக்கும் மிகப்பெரிய மின்னோட்டம் தனக்குரிய வழி அடைபட்டமையால், மெல்லிய சோக்குக் கம்பியின் வழியே திரும்பிச் சென்றது. மின்னழுத்தத்தின் பெரும்பகுதி அவ்வழியிலேயே வீணானமையால், ஸ்ராட்டருக்கும் வலுவில்லை, தீப்பொறிக்கும் வலுவில்லை. வாங்கிய பொருள்களின் விலையைப் பின்னர் ஈட்டிக்கொள்ளலாம். கத்தரிக்காய் மாட்டுக்கே உணவாயிற்று.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றே. சோதியாமல் எதனையும் மாற்றாதீர்கள். பழைய வண்டியில் உண்டாகும் மின்பழுதுகளிற் பெரும்பாலானவை பாகங்களின் பழுதன்று, இணைப்புகளின் பழுதே. தளர்ந்த திருகாணி, துருவேறிய நுனி, தேய்ந்த வயர், அழுக்கேறிய பொயின்ற் என்பனவே அவை. இவற்றைத் திருத்துவதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒழுங்கான தேடல் வேண்டும்.

மின்னோட்டம் செல்லும் வழி

தேடுவதற்கு முன்னர் வழியை அறிதல் வேண்டும். பற்றரியும் கொயிலும் கொண்டு தீப்பொறி உண்டாக்கும் இம்முறையைச் சாள்ஸ் கெற்றரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்தார். 1910 ஆம் ஆண்டளவிற் கடிலாக் கார்களில் இது இடம்பெற்றது. பின்னர் வந்த பெற்றோல் வண்டிகளில், எந்நாட்டில் எவர் செய்தவையாயினும், இம்முறையே பல பத்தாண்டுகளாகப் பெருவழக்காயிருந்தது. ஆகவே ஒன்றை நன்கு அறிந்தவர் மற்றவற்றையும் அறிவார்.

வயலுக்கு நீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பற்றரி குளம், வயர்கள் வாய்க்கால்கள், சுவிச்சும் பொயின்றும் மடைகள். பற்றரியிலிருந்து மின்னோட்டம் சுவிச்சின் வழியாகக் கொயிலுக்கு வருகின்றது. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றரின் உள்ளேயிருக்கும் பொயின்றுக்குச் செல்கின்றது. பொயின்ற் மூடியிருக்கையில் மின்னோட்டம் ஓடி மண்தொடுப்பின் வழியே பற்றரிக்குத் திரும்புகின்றது. பொயின்ற் திடீரெனத் திறக்கும்பொழுது ஓட்டம் அறுபட, கொயிலின் இரண்டாம் சுற்றிலே பல்லாயிரம் வோல்ற்று அழுத்தம் எழுகின்றது. இது தடித்த நடுவயரின் வழியே டிஸ்ரிபியூற்றர் மூடிக்குச் சென்று, சுழலும் றோட்டரால் ஒவ்வொரு பிளக்குக்கும் முறையே பகிரப்பட்டு, அங்கே தீப்பொறியாகப் பாய்கின்றது. கொண்டென்சர் பொயின்றுக்குப் பக்கத்தில் நின்று, அது திறக்கும்பொழுது உண்டாகும் பொறியை அடக்கி, ஓட்டத்தைச் சட்டென அறுக்க உதவுகின்றது.

ஆகவே இரண்டு வாய்க்கால்கள் உள்ளன. தாழ்ந்த அழுத்தமுள்ளது ஒன்று. உயர்ந்த அழுத்தமுள்ளது மற்றொன்று. நீர் வராத வயலுக்குப் போய் நின்றுகொண்டு பயனில்லை; குளத்திலிருந்து வாய்க்கால் வழியே நடந்து வந்தாற்றான் உடைப்பைக் காணலாம்.

முதலிற் குறியை நோக்குக

வண்டி நின்றவுடன் மூடியைத் திறக்குமுன் அது எவ்வாறு நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். சுவிச்சைத் திருப்பினாற்போலச் சட்டென நின்றதாயின் பெரும்பாலும் மின்பழுதாகும். இருமி இருமி, வலுக்குறைந்து நின்றதாயின் பெரும்பாலும் பெற்றோல் வராத பழுதாகும். இது மாறாத விதியன்று. எனினும் எங்கே தொடங்குவது என்பதைக் காட்டும்.

ஸ்ராட்டர் சுழற்றாவிடின் தலைவிளக்குகளை ஏற்றி, ஒருவரை முன்னால் நிறுத்தி, ஸ்ராட்டரை அழுத்துங்கள். விளக்கு மங்கி அணைந்தால் பற்றரி வலுவிழந்துள்ளது, அல்லது அதன் முனைகளில் இணைப்புக் கெட்டுள்ளது. விளக்கு மங்காமல் எரிய, ஸ்ராட்டரும் அசையாதிருந்தால் மின்னோட்டம் ஸ்ராட்டரைச் சென்றடையவில்லை. ஸ்ராட்டர்ச் சுவிச்சையும் அதன் வயர்களையும் பார்த்தல் வேண்டும்.

பற்றரியும் மண்தொடுப்பும்

ஓய்ந்திருக்கும் 12 வோல்ற்றுப் பற்றரி முழுமையாக மின்னேறியிருப்பின், மானி 12.6 வோல்ற்று அளவிற் காட்டும். 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதியளவே மின் உள்ளது. 12 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் உடனே மின்னேற்றல் வேண்டும். ஸ்ராட்டர் சுழலும்பொழுது பற்றரி முனைகளிடையே 9.6 வோல்ற்றுக்குக் கீழ் இறங்குமாயின், பற்றரி வலுவற்றது, அல்லது மின் குறைந்தது எனக் கொள்க. மானியில்லாதார் அமிலவடர்த்திமானியால் ஆறு அறைகளையுஞ் சோதிக்கலாம். ஓர் அறை மற்றவற்றிலும் 0.050 அளவு குறைந்திருப்பின் அவ்வறை பழுதாகும்.

பின்னர் மண்தொடுப்பைச் சோதியுங்கள். மானியின் ஒரு முனையை மண்தொடுத்த பற்றரி முனையிலும், மற்றதை இயந்திரத்தின் துப்புரவான உலோகத்திலும் வைத்து, ஸ்ராட்டரை அழுத்தச் சொல்லுங்கள். மானி அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் அவ்வழியிலே தடையுண்டு. கத்தரிக்காய் லொறியின் பழுதை இச்சோதனை ஒரு நிமிடத்திலே காட்டியிருக்கும்.

பற்றரி முனைகளில் வெண்மையாகவோ நீலமாகவோ பூத்திருப்பதை அப்பச்சோடா கரைத்த வெந்நீராற் கழுவி, கம்பித்தூரிகையால் மினுக்கி, இறுக்கியபின் வசலீன் பூசுங்கள். சோடாநீர் பற்றரியின் உள்ளே செல்லலாகாது.

தீப்பொறி உண்டா?

ஸ்ராட்டர் நன்கு சுழற்றியும் இயந்திரம் பற்றாவிடின், டிஸ்ரிபியூற்றர் மூடியின் நடுவயரைக் கழற்றுங்கள். காப்பிட்ட குறட்டாற் பிடித்து, அதன் நுனியை இயந்திர உலோகத்திலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் தூரத்தில் வைத்து, சுவிச்சைப் போட்டு, இயந்திரத்தைச் சுழற்றச் செய்யுங்கள். அருகிற் பெற்றோல் ஒழுகியிருந்தால் இதனைச் செய்யவே கூடாது. நீலநிறமாகச் சடசடவெனப் பொறி பாய்ந்தாற் கொயில் வரைக்கும் யாவும் நன்று; பழுது மூடி, றோட்டர், பிளக்கு வயர், பிளக்கு ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது; அல்லது பெற்றோல் வரவில்லை. பொறியே இல்லாவிடின், அல்லது மஞ்சளாக மெலிந்திருப்பின், தாழ்ந்த அழுத்த வாய்க்காலைச் சோதிக்கவேண்டும்.

சிறு மின்குமிழொன்றின் உதவி

இதற்கு வேண்டியது இரண்டு வயர் பூட்டிய 12 வோல்ற்றுச் சிறு மின்குமிழ் ஒன்றே. வாகனத்தின் பக்கவிளக்குக் குமிழிலும் சிறியதே நன்று. ஒரு வயரை இயந்திரத்தின் உலோகத்தோடு இணைத்து, சுவிச்சைப் போட்டு, மற்ற வயரை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டு செல்லுங்கள்.

முதலிற் கொயிலின் சுவிச்சுப் பக்க முனையைத் தொடுங்கள். குமிழ் எரியாவிடின் பற்றரிக்கும் கொயிலுக்கும் இடையே, அதாவது சுவிச்சிலோ வயரிலோ, ஓட்டம் அறுபட்டுள்ளது. பற்றரியின் மண்தொடாத முனையிலிருந்து கொயிலின் இம்முனைக்கு நேராக ஒரு தற்காலிக வயர் கொடுத்து, இயந்திரம் இயங்கினால் இது உறுதியாகும். இவ்வயருடன் வீடு போய்ச் சேரலாம். ஆயினும் சாவியால் இயந்திரம் நிற்காது. வயரைக் கழற்றியே நிறுத்தவேண்டும். நின்றபின் வயரை விட்டுவைத்தாற் கொயில் சூடேறிக் கெடும்.

அடுத்துக் கொயிலின் டிஸ்ரிபியூற்றர்ப் பக்க முனையைத் தொட்டு, இயந்திரத்தைச் சுழற்றச் செய்யுங்கள். பொயின்ற் திறக்கையில் குமிழ் எரிந்து, மூடுகையில் அணையவேண்டும். எரிந்தும் அணைந்தும் மின்னினால் இவ்வாய்க்கால் நன்று. எப்பொழுதும் எரிந்துகொண்டேயிருந்தால் பொயின்ற் மூடுவதில்லை, அல்லது மூடியும் அழுக்கினால் ஓட்டம் செல்வதில்லை. ஒருபொழுதும் எரியாவிடின், அம்முனையிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குச் செல்லும் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் முனையைத் தொடுங்கள். இப்போது எரிந்தாற் பழுது டிஸ்ரிபியூற்றரின் பக்கத்தில் உள்ளது. கொண்டென்சரோ வயரோ பொயின்றின் காப்போ உலோகத்தைத் தொட்டு ஓட்டத்தை மண்ணுக்கு விடுகின்றது. இப்போதும் எரியாவிடின் கொயிலின் உட்சுற்று அறுந்தது. அப்பொழுது தயங்காமற் புதிய கொயில் வாங்கலாம்.

புதிய கொயில் வாங்குமிடத்து ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளுக்குரிய கொயிலின் முதற்சுற்று ஏறக்குறைய 3 ஓம் தடையுள்ளது. பிற்கால வண்டிகள் பலவற்றின் கொயில் 1.5 ஓம் அளவே கொண்டு, வெளியே ஒரு தடையியோடு வேலைசெய்வது. அதனைத் தடையியின்றிப் பூட்டினாற் பொயின்ற் விரைவில் எரிந்துபோம். கடையிலேயே மானியால் அளந்து வாங்குங்கள்.

பொயின்றும் றோட்டரும்

பொயின்றின் இடைவெளி வண்டிக்கு வண்டி வேறுபடும். லூக்காஸ் டிஸ்ரிபியூற்றர்களிற் பழையவற்றுக்கு 0.010 முதல் 0.012 அங்குலம் வரையும், பிற்பட்டவற்றுக்கு 0.014 முதல் 0.016 அங்குலம் வரையும் வைத்தனர். உங்கள் வண்டிக்குரிய கைந்நூல் கூறுவதையே கடைப்பிடியுங்கள். அளக்கும்பொழுது பொயின்ற் முற்றாகத் திறந்திருக்கவேண்டும். முகங்களை மெல்லிய அரத்தால் ஒருமுறை உராய்ந்து, உலர்ந்த துப்புரவான துணியாற் துடைத்தல் போதும். புதிய பொயின்றின் முகத்தில் உள்ள எண்ணெய்ப்படலத்தைத் துடையாமற் பூட்டிவிட்டு, வண்டி இயங்கவில்லையே என வருந்துவோரும் உளர். பொயின்றின் முகங்கள் சிறிது காலத்தில் மீண்டும் மீண்டும் கருகிப்போனாற் கொண்டென்சரை ஐயுறவேண்டும்.

றோட்டரைச் சோதிக்கும் முறை எளிது. மூடியைக் கழற்றி, கொயிலின் நடுவயரைக் காப்பிட்ட குறட்டாற் பிடித்து, றோட்டரின் மேலுள்ள உலோகத்திற்கு 3 மில்லிமீற்றர் தூரத்தில் வையுங்கள். சுவிச்சைப் போட்டு, மூடியிருக்கும் பொயின்றைக் காப்பிட்ட கருவியால் திறந்து மூடுங்கள். றோட்டர் நன்றாயின் தொடர்ச்சியாகப் பொறி பாயாது. பாய்ந்தால் அது உடலினூடே தண்டுக்கு மின்னைக் கசியவிடுகின்றது. இக்காலத்தில் விற்கப்படும் புதிய றோட்டர், கொண்டென்சர் ஆகியவற்றுட் சில, பழையவற்றினும் தரங் குறைந்தவை. ஆகவே நன்கு வேலைசெய்யும் பழைய பாகத்தை எறியாது, எண்ணெய் படாமற் சுற்றி லொறியிலேயே வைத்திருங்கள்.

டிஸ்ரிபியூற்றர் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் நோக்குங்கள். மயிரிழை போன்ற கருங்கோடு காணப்பட்டால் அது வெடிப்பின் வழியே மின் ஓடிய தடமாகும், அம்மூடியை மாற்றவேண்டும். மாரிகாலத்தில் வெள்ளங் கடந்து வந்தபின் வண்டி நின்றால், மூடியையும் வயர்களையும் உலர்ந்த துணியாற் துடைத்தாலே பெரும்பாலும் இயங்கிவிடும். பிளக்கு வயர்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றுக்கும் அடையாளமிடுங்கள். நான்கு உருளை இயந்திரங்கள் பலவற்றில் எரியும் ஒழுங்கு 1-3-4-2. ஆறு உருளை இயந்திரங்கள் பலவற்றில் 1-5-3-6-2-4. இரண்டு வயர் இடம் மாறினாலும் இயந்திரம் வெடித்து அதிரும்.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தல் நன்று. வெண்கபிலநிறம் நலத்தின் அறிகுறி. உலர்ந்த கருங்கரி பெற்றோல் மிகுந்ததையும், ஈரமான எண்ணெய்க்கரி இயந்திரத்தின் தேய்வையும் காட்டும். இடைவெளி பொதுவாக 0.025 முதல் 0.030 அங்குலம் வரை இருக்கவேண்டும்.

சூடேறியபின் நிற்கும் லொறி

காலையில் நன்கு ஓடி, நண்பகலில் நின்று, அரைமணி நேரம் ஆறியபின் மீண்டும் இயங்கும் லொறி பலரையும் மயக்குவது. இதற்குக் காரணம் இரண்டு. சூட்டினாற் கொயிலோ கொண்டென்சரோ செயலிழத்தல் ஒன்று. குழாயிலே பெற்றோல் ஆவியாகி அடைத்தல் மற்றொன்று. ஆறியபின் சோதித்தால் இரண்டும் நன்றாகவே தோன்றும். ஆகவே நின்ற அந்நிமிடத்திலேயே தீப்பொறியைச் சோதியுங்கள். பொறி இல்லாவிடிற் கொயிலையும் கொண்டென்சரையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பொறி இருந்தாற் பெற்றோலின் வழியைத் தேடுங்கள். நிழலில் உட்கார்ந்து ஆறவிட்டவர் பழுதையும் ஆறவிட்டவராவார்.

டைனமோவும் மின்னேற்றலும்

பழைய டைனமோ மெதுவாகச் சுழலும்பொழுது மின்னேற்றாது. ஆதலின் இயந்திரம் ஓய்வாக ஓடுகையில் எச்சரிக்கை விளக்கு மங்கலாக எரிதல் இயல்பே. வேகங் கூட்டியபின்னும் அணையாவிடிற் பழுதாகும். ஓரளவு வேகத்தில் ஓடும்பொழுது பற்றரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ற்று வரை இருத்தல் நன்று. இல்லையாயின் முதலிற் பட்டியைப் பாருங்கள். நடுவிற் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமிழலாம். பின்னர் டைனமோவின் தூரிகைகளையும், அவை உராயும் செப்புவளையத்தையும், இறுதியாக ஒழுங்காக்கிப் பெட்டியையும் சோதியுங்கள். இயந்திரத்தை நிறுத்தியபின்னும் அப்பெட்டியின் தொடுகை ஒட்டிக்கொண்டிருந்தாற் பற்றரி டைனமோவின் வழியே வெறுமையாகிவிடும், வயரும் சூடேறும். அத்தகைய வேளையில் உடனே பற்றரி வயரைக் கழற்றுங்கள்.

எந்த முனை மண்ணுக்கு?

1960 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரையில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட வண்டிகள் பலவற்றிற் பற்றரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டது. இக்கால வண்டிகளில் மறைமுனையே இணைக்கப்படுகின்றது. இதனை அறியாமற் பற்றரியை மாற்றிப் பூட்டினால் வானொலியும், பிற்காலத்திற் பூட்டிய ஓல்ற்றர்நேற்றரும் எரிந்துபோம், தீப்பொறியும் வலுக்குறையும். நேர்முனை மண்தொடுத்த வண்டியில், குறியிட்ட இக்காலக் கொயிலின் மறைமுனை சுவிச்சுக்கும், நேர்முனை டிஸ்ரிபியூற்றருக்கும் செல்லவேண்டும். உங்கள் வண்டியில் எம்முனை மண்ணுக்கென்பதைப் பற்றரிப் பெட்டியின் பக்கத்தில் வண்ணத்தால் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் வண்டியைத் திறப்பவருக்கும் அது உதவும்.

இங்கிலாந்து வண்டிகளின் வயர்நிறங்களும் வழிகாட்டும். கபிலநிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சுவிச்சின் வழியே வருவது, வெள்ளையிற் கருங்கோடு கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குச் செல்வது, கறுப்பு மண்தொடுப்பு, நீலம் தலைவிளக்கு, சிவப்பு பக்கவிளக்கும் பின்விளக்கும். எனினும் பல கைகள் பட்ட பழைய வண்டியில் நிறத்தை மட்டும் நம்பாது, மின்குமிழாற் சோதித்தே துணிக.

பசளையும் எலியும்

கமக்காரரின் லொறிக்கு மற்றவர் வண்டிக்கில்லாத இரண்டு பகைகள் உண்டு. ஒன்று பசளை. யூரியா, அமோனியம் சல்பேற்று முதலியன ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிப்பன; அவற்றிலிருந்து எழும் அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்பது. பசளை ஏற்றியபின் தட்டையும் சட்டத்தையும் நன்னீராற் கழுவி உலரவிடுங்கள்; பின்விளக்குகளின் மண்தொடுப்பை மாதமொருமுறை பாருங்கள். ஒரு பக்க விளக்கை ஏற்ற மறுபக்க விளக்கும் மங்கலாக எரியுமாயின் அங்கே மண்தொடுப்புக் கெட்டுள்ளது.

மற்றொன்று எலி. நெல்மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் லொறியின் வயர்களை எலி கடித்து வெறுங்கம்பியாக்கும். அறுவடைக்குமுன் ஒருமுறை வயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். பியூஸ் எரிந்தால் வெள்ளித்தாளோ தடித்த கம்பியோ வைத்துச் சமாளிக்க வேண்டாம். பியூஸ் எரிந்தது எங்கோ ஓட்டம் மிகுந்தமையாலே. அதனைத் தடுத்துவிட்டால் அடுத்து எரிவது லொறியும் அதிலுள்ள நெல்லுமாகும்.

பற்றரிக்குக் கிணற்றுநீர் ஊற்றலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் நீரில் உப்புகள் மிகுதி. அவை தகடுகளைக் கெடுக்கும். வடித்த நீரையே, தகடுகள் மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள்.

உயிர் முதலாவது

மின்னேறும் பற்றரியிலிருந்து எளிதில் வெடிக்கும் ஐதரசன் வாயு எழுகின்றது. இருளிற் தீக்குச்சி கிழித்துப் பற்றரியையோ பெற்றோற் குழாயையோ பார்த்தல் உயிரோடு விளையாடுவதாகும், கைவிளக்கை உபயோகியுங்கள். பற்றரியைக் கழற்றுமிடத்து மண்தொடுத்த வயரை முதலிற் கழற்றி, பூட்டுமிடத்து அதனைக் கடைசியாகப் பூட்டுங்கள். அமிலம் கண்ணிற் பட்டால் உடனே மிகுந்த நீராற் தொடர்ந்து கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சோதிக்கும்பொழுது சால்வையும் தளர்ந்த உடையும் விசிறிக்கு அருகே போகலாகாது.

முடிவாக, ஒவ்வொரு லொறியிலும் ஒரு சிறு பெட்டி இருக்கட்டும். அதில் வயர்பூட்டிய மின்குமிழ், இடைவெளி அளக்கும் தகடுகள், மெல்லிய அரம், உலர்ந்த துணி, காப்பிட்ட குறடு, இரண்டு யார் வயர், உரிய அளவுள்ள பியூஸ்கள், ஒரு தொகுதி பொயின்ற், கொண்டென்சர், றோட்டர் என்பன இருத்தல் போதும். உடன் ஒரு கொப்பியும் இருக்கட்டும். எந்நாளில் என்ன பழுது, எங்கே காணப்பட்டது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை அதில் எழுதுங்கள்.

வரப்பில் நீர் கசிந்தால் வயல் முழுவதையும் வெட்டிக் கொத்துவார் எவருமில்லர். கசியும் இடத்தைத் தேடி ஒரு கை மண்ணால் அடைப்பர். லொறிக்கும் அவ்வாறே. அடுத்த அறுவடைக்கு முன்னர் ஓய்வான ஒரு மாலைப்பொழுதில், பழுதில்லாத உங்கள் லொறியிலேயே மின்குமிழை வைத்து நான் கூறிய வழியைப் பற்றரியிலிருந்து பிளக்கு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளையும், ஆணாயினும் பெண்ணாயினும், அருகில் நிறுத்திக் காட்டுங்கள். வழியைப் பகலிற் கண்டவர் இருளிலே தடுமாறமாட்டார்.